பால் மட்டும் காய்ச்சக் கூடாது

கூட்டத்துக்கு வந்தவர்கள்: கிராமச் சங்கச் சேர்மன், அவருடைய மைத்துனர், சங்கக்கடை மனேச்சர், பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார், இங்கிலீசுக் கடிதத்தை வாசித்துச் சொல்வதற்காக நான். வராதவர் என் தகப்பன், எங்கள் ஐயா. அன்றைக்கு எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை. மடையை விட்டு வர முடியாமல் வயலில் நின்றார். கூட்டம் தீர்மானித்தது ஐயாவின் வீட்டைப் பற்றி.

அறுபதுகளின் தொடக்கம் அது. இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றிச் சர்வதேச சைக்கிள் ஓட்டப் போட்டி ஒன்று நடக்கப் போகிறது என்று பேப்பரில் அடிபட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர், இந்தியர், யப்பான்காரர் என்று பல நாட்டு ஓட்டக்காரர் வருவார்களாம். கண்டி வீதியால் புளியங்குளம், கிளிநொச்சி, பளை என்று கடந்து யாழ்ப்பாணம் போவார்களாம். அவர்கள் வன்னியில் இருந்த எங்கள் குடியேற்றத்தைக் கடக்க ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம்கூட எடுக்காது. ஆனால் அந்த வெற்றிலை நேரத்துக்காக வீதியில் பள்ளம் அடைக்க வேண்டும், ரெலிபோன் கம்பி இழுக்க வேண்டும், ஆர் எப்ப கடந்தான் என்று குறிக்க ஒரு கொட்டகை போட வேண்டும். அதற்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் முன்கூட்டியே வந்து கிழமைக்கணக்கில் தங்க வேண்டும். தங்க இடம் தேடித்தான் அந்தக் கடிதம் வந்திருந்தது.

எங்கள் குடும்பத்தில் பேனை பிடித்த முதல் ஆள் நான். காணிப் பத்திரத்தில் ஐயாவின் பெருவிரல்தான் கிடக்கிறது. எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு உத்தியோகத்துக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த எனக்கு, சேர்மன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டதே பெரிய மரியாதையாகத் தெரிந்தது. ஒவ்வொரு வசனமாக நிறுத்தித் தமிழில் சொன்னேன். வேலையாட்களுக்கு ஒரு மண்டபம் போதும். அதிகாரிமாருக்குச் சீமெந்து நிலமும் ஒழுகாத கூரையும் கிணறும் உள்ள வீடு வேண்டும். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆளுக்கு நாள் கணக்கில் காசு தருவார்கள்.

காசு என்ற சொல்லைக் கேட்டதும் சேர்மன் பழுதான மீனை மணந்து பார்த்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"சோத்துக்குக் காசோ? வன்னியிலை வந்தவனுக்குச் சோறு போட்டுப்போட்டுக் காசு வாங்கினவங்கள் எண்டு நாளைக்குப் பேப்பரிலை வரட்டோ? அவையள் எங்கடை விருந்தாளியள். ஒரு சதமும் வேண்டாம் எண்டு எழுது தம்பி."

வன்னியின் மானத்தைக் காக்க எழும்பிய இந்த மனிசர் எங்களைப் போலவே யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணி எடுத்து வந்து குடியேறியவர். எங்களுக்கு நாலு வருசம் முந்தி வந்தவர், அவ்வளவுதான். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். விருந்தாளி என்ற சொல்லுக்கு முன்னால் எங்கள் ஆட்களின் தலை தானாக ஆடும். கொடுக்கப் போகிறது ஆருடைய அரிசி என்று அந்த நேரம் ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

மண்டபத்துக்குப் பள்ளிக்கூடத்தைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் மரத்துக்குக் கீழே படிக்கலாம், காத்தோட்டம் நல்லது என்றார் தலைமை வாத்தியார். தானும் மரத்துக்குக் கீழே இருந்து நித்திரை கொள்ளலாம் என்பதை அவர் சொல்லவில்லை. பிறகு அதிகாரிமாரின் வீடு. ஆறு அறையும் இரண்டு விறாந்தையும் உள்ள சேர்மனின் வீட்டை எல்லாரும் மனதில் நினைத்தார்கள். சேர்மன் முந்திக்கொண்டார். தன் வீட்டில் குமர்ப்பிள்ளைகள் இருக்குதுகளாம், பிற ஆம்பிளையளை வைக்க ஏலாதாம். "இவன்ரை கொப்பர் கட்டின வீடு சும்மாதானே கிடக்கு" என்று என்னைக் காட்டினார்.

அந்த வீடு சும்மா கிடக்கவில்லை. அக்காவுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது. அக்காவுக்கு இரண்டு சம்பந்தம் பேசி, சீதன வீடு இல்லை என்று இரண்டும் முறிந்து போனது. ஐயா மூன்று போக நெல்லை வித்து ஓடு போட்ட கல்வீடு ஒன்றை வீதியோரக் காணியில் கட்டி முடித்தார். மூன்றாவது சம்பந்தம் பளையில் இருந்து வந்தது. மாப்பிள்ளை நெல்லு மில்லில் கணக்கெழுதுகிறவர். கலியாணம் தை மாதத்துக்கு. தாலி கட்டின பிறகு அக்காவும் அத்தானும் அந்தக் குசினியில் முதன்முதலாகப் பால் காய்ச்சி, அது பொங்கி வழிய, குடிபூர வேண்டும். அதுவரைக்கும் அந்த அடுப்பில் ஒரு கேத்தில் தண்ணிகூட வைக்கக் கூடாது என்று அம்மா காவல் இருந்தா. அக்காவுக்கு வயது போய்க்கொண்டிருந்தது. இதுவும் முறிந்தால் இன்னொன்று வராது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை.

ஐயாவைக் கேட்டுவிட்டு எழுதுவோம் என்றேன்.

"கொப்பரைக் கேக்க என்ன கிடக்கு? கொக்காவின்ரை கலியாணத்தைப் பேசினவன் நான். மாப்பிள்ளையின்ரை தேப்பன் என்ரை மனிசிக்குச் சொந்தம். நான் கேட்டு அவர் மாட்டன் எண்டுவரோ?"

மாட்டன் என்று ஐயா சொல்லவில்லைத்தான். சேறு காலோடு வந்து கிணற்றடியில் நின்று நான் சொன்னதைக் கேட்டார். காலைக் கழுவினார். பிறகு கழுவின காலையே இன்னொருக்காக் கழுவினார். வாய் திறந்தது அம்மாதான்.

"இருக்கட்டும், படுக்கட்டும், குளிக்கட்டும். சோறும் நான் இங்கையிருந்து அனுப்பிறன். பால் மட்டும் அந்த அடுப்பிலை ஏறக் கூடாது."

சேர்மன் இதைக் கேட்டுப் பெரிதாகச் சிரித்தார். அவங்கள் சாராயம் காய்ச்சினாலும் பால் காய்ச்சமாட்டாங்கள், பயப்பிடாதேங்கோ பிள்ளை என்றார்.

வந்து இறங்கினார்கள். வேலையாட்கள் ஒரு லொறியில், அதிகாரிமார் ஒரு ஜீப்பில். வாழைமரம் கட்டி வளைவு போட்டு, மேளகாரரை வைத்து, அந்த வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு சேர்மன் நின்றார். வளைவைப் பதிவாக, உயரம் போதாமல் போட்டிருந்தபடியால் லொறி அதற்குள்ளால் வர ஏலாமல் வயல் கரையால் சுற்றி வந்தது. மேளம் அடித்தவர்களும் லொறிக்குப் பின்னால் வயல் கரையால் ஓடினார்கள். அந்த வரவேற்பைப் பற்றி இவ்வளவு போதும்.

அதிகாரிமாருக்குத் தலைவர் ஒரு பறங்கி, ஒல்லாந்தர் வழிவந்த கொழும்புக்காரர். வயதானவர், நேரம் குறிக்கிறதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஊரில் எல்லாரும் அவரைப் பறங்கித் துரை என்றார்கள். கழுத்தில் இரண்டு மணிக்கூடு தொங்கும். ஆள் நல்ல மனிசன். அக்காவின் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போன முதலாவது துரையை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவருடைய குறை ஒன்றேயொன்று. வயிற்றுப்புண். அதற்குக் கொழும்பு டொக்டர் எழுதிக்கொடுத்த மருந்து, காய்ச்சின பசும்பால். காலையிலும் குடிக்க வேண்டும், பத்து மணிக்கும் குடிக்க வேண்டும், மத்தியானமும் பின்னேரமும் படுக்கும்போதும் குடிக்க வேண்டும். ஒரு மலாய்ச் சமையல்காரனை அதற்கென்றே கூட்டி வந்திருந்தார்.

எல்லாம் செய்யலாம், பால் மட்டும் காய்ச்சக் கூடாது என்பதை அவருக்கு இங்கிலீசில் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் படித்த இலக்கணப் புத்தகத்தில் இதற்கு ஒரு பாடமும் இருக்கவில்லை. முதலில் அவர் என்னை நம்பவில்லை. பசுவைக் கும்பிடுகிறபடியாலோ என்று கேட்டார். இல்லை, நாங்களும் காய்ச்சித்தான் குடிக்கிறோம் என்றேன். அவருக்கு இன்னும் குழம்பிவிட்டது. கலியாணம், குடிபூரல், பொங்கி வழிதல் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளங்கப்படுத்தினேன். மனிசன் கவனமாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: அப்படியென்றால் முதலில் பால் காய்ச்சுகிறவனுக்கு வீடு சொந்தமோ? கொஞ்சம் யோசித்து, கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தனக்குக் கொழும்பில் வாடகை வீடுதான், இந்த வழக்கம் முந்தியே தெரிந்திருந்தால் நல்லது என்றார்.

தீர்ப்புச் சொல்லச் சேர்மன் வந்தார். முற்றத்து வேம்புக்குக் கீழே மூன்று கல்லை வைக்கச் சொன்னார். பால் முற்றத்தில் காயும், வீட்டுக்குள் காயாது. தன் புத்தியை மெச்சித் தானே தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் கோட்டோடு வந்து துரையின் தகர ரின்னில் இருந்த சீஸில் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டுக்கொண்டு, சாப்பாடு எப்படி, நித்திரை எப்படி என்று விசாரிப்பார். சாப்பாடு எங்கள் அம்மா சமைத்தது. பாய் எங்கள் பாய். விசாரிப்பு மட்டும் சேர்மனுடையது.

இரண்டு கிழமை என்று வந்தவர்களை மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழை கொட்டினது. அடைத்த பள்ளமெல்லாம் திரும்ப வாயைத் திறந்தது. வெளிநாட்டுக்காரரின் கப்பலும் பிந்தியது. போட்டியைத் தள்ளி வைத்ததாகத் தந்தி வந்தது. எவ்வளவு நாளைக்கு என்று அதில் இல்லை. அம்மா மூட்டையைப் பார்த்துப் பார்த்து அரிசி அளந்தா. பள்ளிக்கூடத்தில் இருந்த வேலையாட்களுக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு கொடுத்தார்கள். முறை சேர்மனின் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருடைய மனிசிக்கு இடுப்புப் பிடித்துவிடும், அந்த முறை அடுத்த வீட்டுக்குத் தாண்டிப் போகும். எப்ப போவியள் என்று விருந்தாளியைக் கேட்க ஏலுமோ? வாடகைக்கு இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். காசு வாங்கியிருந்தால் அரிசி வாங்கியிருக்கலாம். இதைச் சொல்லப் போய் இரண்டு எழுத்துப் படித்தவுடன் வாய் நீண்டுவிட்டது என்று பேர் எடுத்தேன்.

அந்த மழைக்குள் ஒரு நாள் பளையிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வீட்டுக்கு என்ன நிறப் பூச்சு என்று பார்க்க வந்தாராம். சேர்மன் குடை பிடித்துக் கூட்டி வந்தார். ஐயாவும் நானும் பின்னால் நனைந்துகொண்டு போனோம். முற்றத்து வேம்புக்குக் கீழே முழங்கால் அளவு தண்ணி. மூன்று கல்லும் அதற்குள் அமிழ்ந்து போயிருந்தன.

நாங்கள் விறாந்தையில் ஏறும்போதே பால் வாசம் வந்தது. ஐயா நின்றுவிட்டார். மழையில் அடுப்பு மூட்ட ஏலாமல், துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறதைப் பார்த்து, சமையல்காரன் பானையைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டான். துரைக்கே தெரியாது. நாங்கள் குசினி வாசலில் நிற்க, எங்கள் கண்ணுக்கு முன்னால், பால் நுரைத்து எழும்பி விளிம்பைத் தாண்டி வழிந்தது. கிழக்குப் பக்கமாக. ஐயரை வைத்து நேரம் பார்த்துக் காய்ச்சினாலும் அப்படி வடிவாக வழியாது.

சமையல்காரன் அகப்பையோடு எங்களைப் பார்த்துச் சிரித்தான். மாப்பிள்ளையின் தகப்பன் குடையை மடக்கினார்.

"நல்லாப் பொங்கியிருக்கு," என்றார். "ஆனா ஆருக்கு?"

மறுமொழியையும் அவரே சொன்னார், வேறொருத்தன் குடிபூர்ந்த வீட்டுக்குத் தன் மகனை அனுப்ப ஏலாது என்று. சொல்லிவிட்டு அந்த மழையோடேயே பஸ்ஸுக்குப் போய்விட்டார். சேர்மன் குடையோடு அவருக்குப் பின்னால் ஓடினார்.

இரண்டு நாள் கழித்துச் சேர்மன் எங்கள் வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் கிராமச் சங்கத்தின் ஆள் இல்லை, மாப்பிள்ளை வீட்டு ஆள். அந்த ஆளுக்கு வேறு குரல். பரிசுத்தமான வீட்டைத் தருவம் எண்டுதானே பேசினது, நீங்கள் எப்பிடிப் பிற ஆக்களை விட்டனீங்கள் என்று ஐயாவைக் கேட்டார். நான் இதை எழுதும்போதும் நம்ப முடியாமல்தான் எழுதுகிறேன். எங்கள் வாசலில், எங்கள் கதிரையில் இருந்து, எங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்டார். நீங்கள்தானே விட்டனீங்கள் என்று நான் வாய் திறக்க ஐயா கையைக் காட்டி மறித்தார்.

வேறு வீடு கட்டுங்கோ, இல்லாட்டி வீட்டுக் குறைக்குக் காசு வையுங்கோ. இதுதான் பளைக் கதை. குசினி அடுப்பை இடித்துப் புதிதாகப் போட்டு, ஐயரைக் கூப்பிட்டு வீட்டுத் தீட்டுக் கழிக்கப் புண்ணியதானமும் செய்ய வேண்டும். தன்னால் ஏலுமானளவு குறைத்துப் பேசியிருப்பதாகச் சேர்மன் சொன்னார்.

அக்கா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. கலியாணக் கதை நடக்கும்போது பொம்பிளைப்பிள்ளை வெளியில் வரக் கூடாது. அன்றைக்கு வந்தா.

"பால் பொங்கினா வீட்டுக்கு நல்லம் எண்டுதானே சொல்லுறியள். பொங்கினது பொங்கினதுதானே. ஆர் அடுப்பு மூட்டினா என்ன?"

நியாயமான ஒரு கேள்வி வந்துவிட்டது என்பதற்காக எங்கள் ஆட்கள் ஒரு காரியத்தை விடுகிறதில்லை. "பிள்ளை உள்ளை போங்கோ" என்றார் சேர்மன். அக்கா போகவில்லை. அவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றா. அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினார்.

மழை விட்டு, கப்பல் வந்து, கடைசியில் அந்தப் போட்டியும் வந்தது. வீதியோரமெல்லாம் சனம். பிள்ளைகளின் கையில் கடுதாசிக் கொடி. சேர்மன் கோட்டுக்கு மேல் சால்வை போட்டு, வெல்கிறவனுக்குப் போடவென்று ஒரு ரோசாப்பூ மாலையோடு நின்றார். சைக்கிள்காரர் வந்தார்கள். குனிந்த தலை நிமிராமல், சேர்மனையோ மாலையையோ எங்கள் ஊரையோ பாராமல், சர் என்று ஒரு சத்தம். போய்விட்டார்கள். பின்னால் ஒருவன் மட்டும் ரயர் காற்றுப்போய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். கிட்ட வந்து வாயைக் காட்டித் தண்ணி கேட்டான். சேர்மன் அவனுக்கு மாலையைப் போட்டார். பேப்பர்காரன் படம் பிடித்தான். சனம் கை தட்டினது. தண்ணி கொடுத்தது ஒரு பள்ளிக்கூடப் பொடிச்சி. படத்தில் அவள் இல்லை.

அடுத்த நாள் கொட்டகையைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். புறப்படுவதற்கு முன் பறங்கித் துரை என்னையும் கூட்டிக்கொண்டு ஐயாவிடம் வந்தார். சமையல்காரன் செய்ததும் அதனால் நடந்ததும் ஊர்க் கதையாகி அவர் காதுக்கும் போயிருந்தது. இருந்த நாளுக்கெல்லாம் வாடகை தரச் சொல்லித் தான் கொழும்புக்கு எழுதிக் கேட்டதாகவும், ஊரார் காசு வேண்டாம் என்று தாங்களே எழுதித் தந்திருக்கிறார்கள், ஆனபடியால் தர ஏலாது என்று அவர்கள் மறுத்துவிட்டதாகவும் சொன்னார். ஆனபடியால் தன்னுடைய சம்பளத்திலிருந்து தருகிறேன் என்று ஒரு கடித உறையை நீட்டினார். தடிப்பான உறை. நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அவருடைய கை நீட்டியபடியே நின்றது.

ஐயா அந்தக் கையைப் பிடித்து உறையோடு சேர்த்து மெல்லத் தள்ளிவிட்டார்.

"வீட்டை வந்த விருந்தாளியட்டைச் சோத்துக்குக் காசு வாங்கிறதில்லை எண்டு துரைக்குச் சொல்லு தம்பி."

சேர்மனின் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு நான் அருவருத்த அதே வசனம். ஐயா அதை மனதாரச் சொன்னார். அவருக்குப் பக்கத்தில் வெறும் அரிசிச் சாக்குக் கிடந்தது. அக்கா கதவடியில் நின்றா. நான் கெஞ்சினேன். சொல்லுறதைச் சொல்லடா என்றார். சொன்னேன். பறங்கித் துரை என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சேர்மனை இகழ எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. அவர் அடுத்தவன் அரிசியில் பெருமை கொண்டாடினவர். ஐயா தன் அரிசியில் கொண்டாடினார். இரண்டும் ஒன்றில்லை என்று பல வருசம் எனக்குள்ளே வாதாடிப் பார்த்தேன். பளைக்காரர் கேட்ட காசுக்காக, மில்லுக்கு நெல்லு ஏற்றுகிற எருமைச் சோடியை ஐயா அவிழ்த்து வித்த அன்று அந்த வாதம் கொஞ்சமும் உதவவில்லை. எருமையை வாங்கினது சேர்மனின் மைத்துனர். அவசரத்துக்கு விக்கிறவனுக்கு என்ன விலை கொடுப்பார்களோ அந்த விலைதான் கொடுத்தார்.

கலியாணம் தையில் நடந்தது. அக்கா புது அடுப்பில் பால் காய்ச்சினா. ஐயர் மந்திரம் சொன்னார், சேர்மன் முன்வரிசையில் இருந்தார். விறகு ஈரமோ என்னவோ, பால் பொங்கக் கனநேரம் எடுத்தது. எல்லாரும் குனிந்து குனிந்து பானையைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் யன்னலால் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தா.

வீட்டுக் குறைக்கென்று மாப்பிள்ளை வீட்டுக்கு ஆயிரம் ரூபா, அடுப்பு இடித்துப் போட்ட மேசனுக்கு நாற்பது, ஐயருக்கும் சாமானுக்கும் அறுபத்தைந்து. எல்லாமாக ஆயிரத்து நூற்று ஐந்து ரூபா.